யாழ்ப்பாணத்து வீட்டுத் தோட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

பறம்பு மலைத் தலைவன் பாரி இறந்தபின் அவனுடைய பெண்மக்கள் இருவரும் ஒரு சிறு வீட்டிலே தங்கியிருந்தனர் என்றும், குப்பை மேட்டில் ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணினர் என்றும் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்று கூறுகின்றது. மலை மேல் நின்று பகைவரின் குதிரைகளை எண்ணியவர் உப்பு வண்டியை எண்ண நேர்ந்ததே என்னும் அவலத்தையே பள்ளியில் எமக்கு விளக்கினார்கள். அது சரியே. ஆயினும் அப்பாட்டிலே புலவர் போகிற போக்கில் அந்த வீட்டின் சூழலையும் சொல்லிவிடுகிறார். முள் வேலி, பஞ்சு பரந்த முற்றம், வீட்டைச் சுற்றிப் பீர்க்கும் சுரையும், அருகே குப்பை மேடு. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டின் பின், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே படலையைத் திறந்து உள்ளே போகிறவன் காண்பதும் பெரும்பாலும் இவற்றையே. வேலி, முற்றம், கொடி, குப்பை என்னும் நான்கும் வீட்டுத் தோட்டத்தின் உறுப்புகள்.

எத்தனை அடிக்கு ஒரு கன்று நடுவது, பாத்தியை எப்படிக் கட்டுவது என்பவற்றை விவசாயத் திணைக்களத்தார் துண்டுப் பிரசுரங்களிலே எழுதியிருக்கின்றனர். அவற்றை நான் மீண்டும் எழுதப் புகவில்லை. எழுதும் தகுதியும் எனக்கில்லை என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியிலே தெரியவரும். நான் வரலாறு பயிலும் மாணவன். ஒரு வளவிலே நிற்கும் பயிர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், எந்தக் கப்பல் எப்போது வந்தது, எப்போது வராமல் நின்றது, அவ்வீட்டார் அந்த மண்ணில் எத்தனை காலம் இருக்கலாமென்று நம்பினர் என்னும் மூன்றும் தெரியும் என்பதே நான் சொல்ல விரும்புவது. மூன்றினுள்ளும் கடைசியாகச் சொன்னதே பெரிது.

முதலில் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறில்லை. மாரியிலே மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றை ஆறெனச் சொல்வது எமது ஆசையே. அடியிலே சுண்ணாம்புக் கற்பாறை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அப்பாறையின் வெடிப்புகளால் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீரைத் தொடுவதற்கு வெட்டிய துவாரமே கிணறு. ஆகவே இங்கு வீட்டுத் தோட்டம் என்பது கிணற்றிலிருந்து தொடங்குவது. கிணற்றடியிலே குளித்த நீர் வீணே ஓடாமல் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். வாழையின் ஈரத்திலே சேம்பு நிற்கும். கிணற்றோரச் சேற்றிலே வல்லாரை படரும். அடுக்களைக்குப் பின்னே பாத்திரம் கழுவும் நீர் விழுமிடத்திலே கறிவேப்பிலை. கறி அடுப்பிலே கொதிக்கும்போது எட்டி ஒடிக்கும் தூரத்திலே அது நிற்க வேண்டும் என்பது வீட்டுப் பெண்களின் கணக்கு. கற்பூரவள்ளியும் அங்கேயே. அடுப்புச் சாம்பல் கத்தரி இலையிலே பூச்சி பிடியாமல் தூவப்படும்.

வேலியையும் மறக்கலாகாது. எமது வேலி எல்லை மட்டுமன்று. அதுவும் ஒரு தோட்டமே. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்று வேலியைத் தாங்கும். அவற்றின் குழை ஆட்டுக்கும் மண்ணுக்கும் போகும். முருங்கையும் அகத்தியும் வேலியிலேதான். தூதுவளையும் முசுட்டையும் கதியாலைப் பற்றி ஏறும். ஆடாதோடையும் நொச்சியும் மூலையில் நிற்கும். ஒன்று இருமலுக்கு, மற்றது ஆவி பிடிக்க. எவரும் நாள் பார்த்து வைத்த மூலிகைத் தோட்டமன்று இது. கறிக்கும் மருந்துக்கும் தனித்தனி இடம் என்ற எண்ணமே அக்காலத்தவருக்கு இருக்கவில்லை. முருங்கை இலை எந்தப் பக்கம்? வல்லாரைச் சம்பல் எந்தப் பக்கம்? இடையிலே கோடு போட இயலாது.

இவ்வளவும் சொல்லி, எம்முன்னோர் எல்லோரும் இத்தகைய வளவிலே இன்புற்றிருந்தனர் என எழுதிவிட்டால் அது வரலாறு ஆகாது. கிணறு உடையவனுக்கே தோட்டம். யாழ்ப்பாணத்திலே சாதியின் பெயரால் கிணற்றுக் கயிற்றைத் தொட விடாமல் தடுக்கப்பட்டவர் பலர். பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றவர்கள் அவர்கள். பிறர் தோட்டத்திற்குத் துலா மிதித்து, பட்டையால் இறைத்து, குழை தாழ்த்தவர்களிலும் அவர்கள் இருந்தனர். தம் குடிசைக்கருகே ஒரு கத்தரிப் பாத்திக்கு நீர் வேண்டுமானாலோ மாரியைத்தான் பார்த்திருக்க வேண்டும். காணி பிறருடையது, போ என்றால் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட குடிசையின் பக்கத்திலே மாங்கன்று நடுவதற்கு யாருக்கு மனம் வரும்? பெரியோர் சிலருக்கு இப்பகுதி உவப்பாயிராது. ஆயினும் தோட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவன் கிணற்றின் வரலாற்றைத் தாண்டிப் போக முடியாது.

மருந்துச் செடிகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிங்கைநகர்ப் பட்டப் பெயர்களை மாறி மாறிச் சூடினர். அப்பெயர்களையே தாங்கிச் செகராசசேகரம், பரராசசேகரம் என இரு வைத்திய நூல்கள் தமிழிலே செய்யுளாக ஆக்கப்பட்டன. ஓர் அரசு தன் பட்டப் பெயரை வைத்திய நூலுக்கு ஈந்தது சிறு செய்தியன்று. பரம்பரை வைத்தியர் வீடுகளில் ஏட்டிலிருந்த இந்நூல்கள் இருபதாம் நூற்றாண்டிலே அச்சேறின. வைத்தியர் வீட்டு வளவு எப்பொழுதும் கொஞ்சம் காடாகவே இருக்கும் என்று எங்கள் அம்மம்மா சொல்வார். எதைக் களையென்று பிடுங்குவது, எதை மருந்தென்று விடுவது என அவருக்கே தெரியுமாதலால் பிறர் கை வைக்கமாட்டார்களாம்.

ஐரோப்பியரும் இச்செடிகளை விரைவிலேயே கவனித்தனர். ஒல்லாந்தக் கொம்பனியின் வைத்தியராக 1672ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த பவுல் ஹேர்மன் இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அச்சேர்க்கையை வைத்தே, இலங்கையைக் கண்ணாலும் காணாத லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். லின்னேயசின் மாணவர் கோனிக் என்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மிசன் வைத்தியராக வந்து, 1785இல் இறக்கும் வரை இந்நாடுகளிலேயே செடி தேடித் திரிந்தார். எங்கள் கறிவேப்பிலைக்கு விஞ்ஞானிகள் இட்ட இலத்தீன் பெயரிலே அவர் பெயர் இருக்கின்றது. மிசன் பள்ளியிலே படித்த எனக்கு மிசனரிமார் பலரின் பெயர்கள் மனப்பாடம். ஆனால் அன்றாடம் உணவிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கும் இலையிலே ஒரு மிசன் வைத்தியர் இருக்கிறார் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அறிந்தேன். முருங்கையின் கதை இதற்கு எதிர்மாறு. அதன் இலத்தீன் பெயரே எங்கள் சொல்லிலிருந்து பிறந்தது.

இனிக் கப்பல்கள். கி. பி. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தான். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைக் கண்டனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்தனர். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர், 1795இல் ஆங்கிலேயர். இவ்வாண்டுகளை நாம் பரீட்சைக்காகப் பாடமாக்குவோம். அதே வரலாற்றைக் குசினியில் இருந்து படிக்கலாம். குசினி என்பதே போர்த்துக்கேயச் சொல். கோவா அவர்கள் சொல், அன்னாசியும் அப்படியே. போஞ்சி ஒல்லாந்தர் தந்த சொல். கரட், பீற்றூட், லீக்ஸ் ஆங்கிலேயர் காலத்தவை. சந்தையில் மரக்கறிக்காரி கூறிக் கூவும் பெயர்களிலே மூன்று ஆட்சிகளும் வரிசையாக நிற்கின்றன.

சொல் மாறாமல் பொருள் வந்த கதையுமுண்டு. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது வந்தபோது எம்மவர் புதுப் பெயர் தேடவில்லை. மிளகு போல உறைக்கும் காய் என்று கண்டு மிளகாய் என்றனர். இன்று யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இல்லாமல் யாழ்ப்பாணத்தான் இல்லை. செத்தல் மிளகாய் இடித்த வாசனை எங்கள் ஊரின் வாசனை. ஆனால் சங்கிலி மன்னனின் பாட்டன் காலத்திலே அவ்வாசனையை அறிந்தவர் இங்கு எத்தனை பேர் இருந்திருப்பர்? பப்பாசி, கொய்யா, அன்னமுன்னா, மரவள்ளி, வற்றாளை, தக்காளி, மஞ்சட் பூசணி, கச்சான் எல்லாம் அந்தக் கரையிலிருந்து வந்தவையே. கத்தரி, பாகல், புடோல், அவரை, சுரை, பீர்க்கு, நீற்றுப்பூசணி, இஞ்சி, மஞ்சள் ஆகியவை இந்தப் பக்கத்துப் பழையவை.

பழையது எது, புதியது எது என அறிய நூல்நிலையத்துக்கே போக வேண்டுமென்பதில்லை. அந்தணர் இல்லங்களிலே சிராத்தச் சமையலைப் பார்த்தால் போதும். மிளகாய் இல்லை, மிளகு. தக்காளி இல்லை, புளி. உருளைக்கிழங்கு இல்லை, கோவா இல்லை. இறந்த பாட்டன்மாருக்கு அவர்கள் அறிந்த கறியையே படைக்கின்றனர். காரணம் கேட்டால் ஆசாரம் என்பர். நான் அதை ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய வீட்டுத் தோட்டத்தின் பட்டியல் என்று எண்ணுகிறேன்.

புதிதாக வந்தவற்றுள் மரவள்ளிக்கே எங்கள் வரலாற்றிலே பெரிய இடம். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைக் காலத்திலே இலங்கையில் அது பரப்பப்பட்டது. தடியை வெட்டி ஊன்றினால் போதும். வறண்ட நிலத்திலும் கிழங்கு விழும். எட்டுப் பத்து மாதம் மண்ணுக்குள்ளேயே களஞ்சியம் போல் இருக்கும். ஆனால் அதனுள்ளே நஞ்சும் உண்டு. அதை எம்மவர் எப்படியோ கண்டுகொண்டு, பானையை மூடாமல் அவிக்க வேண்டும், அன்றைக்கு இஞ்சி சேர்க்கலாகாது என்று விதி செய்துகொண்டனர். இஞ்சி விடயத்தை வைத்தியர் எப்படிக் கொள்வரோ, திறந்து அவிப்பதில் ஆவியோடு நஞ்சும் போகுமென்பதிலே பொருளுண்டு.

இனி, முதலிற் சொன்ன மூன்றாவது விடயத்துக்கு வருகிறேன். அதற்குச் சிறிது நேரம் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டி இராச்சியத்துக்குப் போக வேண்டியிருக்கின்றது. றோபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் 1660இல் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டு கண்டி நாட்டிலே சிறையிருந்து, 1679இல் தப்பி ஓடினான். அவனுடைய நூல் 1681இல் இலண்டனிலே அச்சாயிற்று. அதிலே பழங்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறான். எவருடைய வளவிலாயினும் நல்ல பழ மரம் இருப்பது தெரிந்தால், அதிகாரிகள் வந்து அரசன் பெயரால் மூன்று முடிச்சிட்ட கயிறொன்றை மரத்திலே கட்டிவிடுவார்களாம். பின்னர் நட்டவனும் அப்பழத்தைத் தொடலாகாது. ஆகவே சனங்கள் நல்ல மரம் நடுவதிலே மனம் வைப்பதில்லை என்கிறான். நொக்ஸ் சிறைக்கைதி, அரசன்மேல் கோபமுள்ளவன், அவன் சொன்னதைச் சிறிது கழித்தே கொள்ள வேண்டும். ஆயினும் அந்த மூன்று முடிச்சுக் கயிறு எனக்கு மறக்கவில்லை. கீரைப் பாத்திக்கு யாரும் கயிறு கட்ட வருவதில்லை; மரத்துக்கே வருவர். நாளைக்கு இது எனதாயிராது என்று எண்ணுகிறவன் நடுவது கீரை. எனது பிள்ளைக்கும் இருக்கும் என்று நம்புகிறவன் நடுவது மரம்.

அக்காலத்தை அடுத்தே, 1707இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் தேசவழமை என்னும் பெயரிலே எழுத்தில் வைத்தனர். சீதனமும் முதுசமும் ஒற்றியும் பேசும் அந்தச் சட்டத் தொகுப்பு, எல்லை கடந்து அயலான் வளவுக்குள் சாய்ந்த மரத்தின் பலன் யாருக்கு என்பதையும் பேசுகின்றது. இன்றும் வேலிச் சண்டைக்கு எங்களூரிலே குறைவில்லை. அதை இழிவாகச் சொல்வாருண்டு. நூறாண்டு நிற்கப் போகும் மரத்தின் காய்க்காக ஒருவன் நீதிமன்றப் படியேறுகிறானென்றால், அந்த மண்ணிலே தான் நிலைத்திருப்போம் என்பதிலே அவனுக்கு ஐயமில்லை என்பது பொருள். ஒல்லாந்தர் காலத்திலும் பின்னரும் திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிப் பணங்கண்ட தோட்டக்காரர், அதே செம்மண்ணை எருவிட்டு வளம்படுத்தி மரக்கறியும் பயிரிட்டனர். தோட்டம் என்ற சொல் விற்கும் பயிருக்கும், வளவு என்ற சொல் உண்ணும் பயிருக்கும் என மெல்ல மெல்ல வேறாயின.

ஆங்கிலேயர் காலத்திலே பேராதனைப் பூங்கா 1821இல் உண்டாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பள்ளிக்கூடத் தோட்டங்கள் வந்தன. என் பள்ளியிலும் அந்த மரபின் எச்சமாக ஒரு தோட்டமிருந்தது. பிந்தி வந்தவர்கள் அதிலே களை பிடுங்குவார்கள். தோட்டவேலை தண்டனை என்னும் பாடத்தை அங்கே தெளிவாகக் கற்றோம். இதற்கிடையில் ஊரின் சோறு கப்பலிலே வரத் தொடங்கியிருந்தது. பர்மா அரிசி மலிவு. அதை வாங்கப் பணமுமிருந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் படித்து மலாயாவுக்கும் கொழும்புக்கும் உத்தியோகம் பார்க்கப் போயினர். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வந்தது. வளவு இருந்தது, ஆனால் அது இல்லாமலும் சீவிக்கலாம் என்றாயிற்று.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் யப்பானியர் இரங்கூனைப் பிடித்தனர். ஏப்ரில் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசிக் கப்பல் நின்றது. கூப்பனுக்கு அரிசி அளக்கப்பட்டது. அரசாங்கம் உணவுப் பயிர் செய்யும்படி எங்கும் பிரசாரம் செய்தது. மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் மேசைக்குத் திரும்பின. எதிர்த்த வீட்டார் என்ன தின்கிறார்கள் என்று பார்த்துச் சிரிப்பதற்கு எவருமில்லை, எல்லார் வீட்டிலும் அதுவே. யுத்தம் 1945இல் முடிந்தது. அரிசி வந்தது. பாத்திகள் மறைந்தன.

இதே கதை 1970க்கும் 1977க்கும் இடையிலே வேறுவிதமாக நடந்தது. அக்காலத்து அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலிய இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தவே, யாழ்ப்பாணத்துச் செம்மண் பொன்னாயிற்று. படித்த இளைஞரும் மண்வெட்டி எடுத்தனர். வன்னிக்குப் போய்க் காடு வெட்டியவரும் உண்டு. துலாவின் இடத்திலே நீரிறைக்கும் இயந்திரம் ஏற்கனவே வந்திருந்தது. உரமும் மருந்தும் தாராளமாக இடப்பட்டன. 1977இல் இறக்குமதி திறந்து விடப்பட்டதும் விலை விழுந்தது. பணம் போனது ஒருபுறமிருக்க, அதிக உரத்தின் பலனைக் கிணறுகள் இன்னும் அனுபவிக்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே அந்த அளவு கடந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அடுக்களைத் தோட்டத்தானும் அதே நீரைத்தான் அள்ளுகிறான்.

1990இன் பின் பொருளாதாரத் தடைக் காலம். எரிபொருள், உரம், மின்கலம், சவர்க்காரம் எனப் பல பொருள்கள் குடாநாட்டுக்கு வரத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. அக்காலத்தைக் கண்டவர் இம்மலரை வாசிப்போரிலே பலர். அவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் கிடையாதபோது இயந்திரத்தை மூடிவிட்டுத் துலாவைத் தேடினார்கள். பாட்டனார் மறக்காமல் வைத்திருந்த பட்டையை இறக்கினார்கள். யூரியா இல்லாதபோது பூவரசங் குழையை நினைத்தார்கள். வேலியிலே நின்ற முருங்கையும் பப்பாசியும் எத்தனை பிள்ளைகளை வளர்த்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை.

ஆனால் இந்த முறை கப்பல் நின்றது மட்டுமன்று. மனிதர் நின்ற இடமும் போயிற்று. எங்கள் குடும்பம் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இலே இடம்பெயர்ந்தது. உறவினர் வீட்டுத் திண்ணையிலே சில காலம். வாடகை வீட்டிலே சில காலம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவர்களும் நடந்தனர். அம்மம்மாவிடம் நான் ஒருமுறை கேட்டேன்: "அந்த வீடுகளிலெல்லாம் என்ன நட்டனீங்கள், அம்மம்மா?" அவர் சற்றும் யோசியாமல், "கீரையும் பச்சை மிளகாயும், தம்பி. வேறென்ன நடுறது? ஆற்றையோ காணி" என்றார். முளைக்கீரை ஏறக்குறைய நான்கு கிழமையிலே பிடுங்கலாம். வெண்டி ஒன்றரை மாதத்திலே காய்க்கத் தொடங்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு மூன்று மாதம். மரவள்ளிக்கு ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. முருங்கைத் தடிக்கும் வாழைக்கும் ஒரு வருடமளவு. தென்னை ஆறேழு வருடம். பனையோ நட்டவனின் பிள்ளை கள்ளிறக்கும் காலத்துக்கு. இந்த வரிசையை விவசாயப் பாடமாகவே நான் படித்திருந்தேன். அம்மம்மாவுக்கு அது எந்த வீட்டிலே எத்தனை நாள் இருக்கலாம் என்னும் கணக்கு. பத்தொன்பது ஆண்டிலே எட்டு வீடு மாறிய அவர், அந்த எட்டிலும் முருங்கைக்கு மேல் ஒரு மரம் நட்டதில்லை.

பாரி மகளிரின் வீட்டைச் சுற்றிப் படர்ந்தவை சுரையும் பீர்க்கும் என்று முன்னே சொன்னேன். சில திங்களிலே காய்த்து ஓய்பவை. கபிலர் அதை எண்ணித்தான் பாடினாரா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. ஆனால் நாடிழந்தவர் வீட்டிலே கொடியே பொருத்தம் என்று இப்போது தோன்றுகின்றது.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் விழுந்தபின் நவம்பரிலே நீக்கப்பட்டது. 2022இலே நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை, எரிபொருள் இல்லை, விலை நாளுக்கு நாள் ஏறிற்று. அவ்வாண்டு யூன் மாதம் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டிலே பயிர் செய்யுங்கள் என்றனர். மரத்திலே முடிச்சுக் கட்டிய அரசும் உண்டு, மண்வெட்டி எடு என்று லீவு கொடுத்த அரசும் உண்டு. அப்போது நான் உயர்தர வகுப்பு மாணவன். பத்திரிகையிலே வந்த படத்தைப் பார்த்து ஒரு திட்டம் வரைந்தேன். நீள்சதுரப் பாத்திகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை. கத்தரியை மாமர நிழலிலே வைத்தேன், படத்திலே அங்கு இடமிருந்தபடியால். எட்டுப் பாத்தியையும் ஒரே நாளிலே விதைத்தேன். கோடை வெயிலிலே எட்டுக்கும் ஒரே நேரத்தில் நீர் வேண்டியிருந்தது. கிணற்றிலிருந்து தூரமான பாத்திகளே அதிகம். கீரை முழுவதும் ஒரே கிழமையிலே முற்றிற்று. தின்று முடிக்க ஆளில்லை. கத்தரி நிழலிலே நெட்டையாக வளர்ந்து ஒரு காயும் தரவில்லை. வெண்டியை அயல் வீட்டு ஆடு முடித்தது. வேலி அடைக்கும் வேலையை நான் திட்டத்திலே சேர்த்திருக்கவில்லை. பெயர்ப் பலகைகள் மாத்திரம் நன்றாக இருந்தன.

அம்மம்மா அவற்றைப் பார்த்துச் சிரித்தார். பின்னர் ஒரு தடியால் நிலத்திலே கீறிக் காட்டினார். முதலிலே குளிக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். அங்கே வாழை. வெயில் காலை முழுதும் படுகிற இடம் எது? அங்கே கத்தரியும் மிளகாயும். கீரையைப் பத்து நாளுக்கொரு பிடி தூவு. ஒரே நாளிலே தூவாதே. கொடிக்குத் தனிப் பந்தல் ஏன், வேலி இருக்கிறது. வேலியை முதலில் அடை. அவர் கீறியது நான் நூல்களிலே தேடிக் கூட்டிய பழைய வளவின் படமே. எங்கிருந்து கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "இதிலை என்ன கற்கக் கிடக்கு?" என்றார். கிடக்கிறது. சீமெந்து போட்ட முற்றமும் மதிற்சுவரும் குழாய்க் கிணறும் வந்த வீடுகளிலே, குளித்த நீர் நிலத்தடிக் குழிக்குப் போகின்றது. மதிலிலே முசுட்டை படராது. கறிவேப்பிலை சந்தையிலிருந்து வருகின்றது. வீட்டிலே நிற்கும் முதியவரோடு அந்தப் படமும் போய்விடக்கூடும். எமது சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெரியவரிடம், பழைய வளவிலே எது எங்கே நின்றது என்று கேட்டு ஒரு தாளிலே கீறி வைப்பாராயின், அடுத்த ஆண்டு மலருக்கு இதைவிடச் சிறந்த கட்டுரை கிடைக்கும்.

எங்கள் காணி 2018இலே விடுவிக்கப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டு. வீடு இருந்த இடத்திலே அத்திவாரக் கல், அதன்மேல் பற்றை. வேலி எதுவெனத் தெரியவில்லை. ஒரு வரிசையிலே பூவரசு மரங்கள் பெருமரமாக நின்றபடியால், கதியால்கள்தான் அப்படி வளர்ந்திருக்கின்றன என்று எல்லையைக் கண்டுபிடித்தோம். அம்மம்மா வீட்டைப் பார்த்து அழவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். அதைத் தூர் வாரி இறைத்து முடிக்க மூன்று நாள் சென்றது. நாலாம் நாள், கொட்டில் போடுவதற்கு முன்னரே, சந்தையிலிருந்து இரண்டு தென்னம்பிள்ளை வாங்கி வரச் சொன்னார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. "கீரை போடவில்லையோ?" என்று அம்மா கேட்டார். "அது பிறகு பார்ப்பம்" என்றார் அம்மம்மா.